தீவில் மூன்றாவது ஆள்

சமீபத்தில் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு முடித்த யாரிடமாவது "ஷேக்ஸ்பியர் படிச்சிருக்கியா?" என்று கேட்டுப் பாருங்கள். "ம், டெம்பெஸ்ட் இருந்துச்சே" என்பார்கள். உண்மைதான். 2019இல் வந்த பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலின் முதல் அலகில் துணைப்பாடமாக டெம்பெஸ்ட் இருக்கிறது. சென்னையில் படிக்கிற பிள்ளையும், ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற சாலையில் இருக்கும் எங்கள் சேத்தூரில் படிக்கிற பிள்ளையும் ஒரே வருஷத்தில் ஒரே ஷேக்ஸ்பியரைத் தொடுகிறார்கள். சின்ன விஷயம் இல்லை இது.

அடுத்ததாக "அதுல யார் பேசுனது உனக்குப் பிடிச்சுது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. பிள்ளைகள் மேல் தப்பு இல்லை. அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது நாடகமே இல்லை. மேரி லாம், சார்லஸ் லாம் என்ற அக்காவும் தம்பியும் 1807இல் குழந்தைகளுக்காக எழுதிய 'ஷேக்ஸ்பியர் கதைகள்' புத்தகத்திலிருந்து எடுத்த உரைநடைக் கதை அது. தேர்வுக்குப் போகும்போது அந்தக் கதையும் இன்னும் சுருங்கும். ஐந்து வாக்கியங்களைக் கலைத்துப் போட்டு, சரியான வரிசையில் எழுதச் சொல்வார்கள். புயல் முதலில், கல்யாணம் கடைசியில் என்று அடுக்கினால் முழு மதிப்பெண். ஐந்து அங்கங்கள் கொண்ட நாடகம் ஐந்து வாக்கியங்களாகி விடைத்தாளில் ஏறிவிடும்.

"சுருக்கினால் என்ன, கதை தெரிந்தால் போதாதா?" என்பது நியாயமான கேள்வி. மென்பொருள் துறையில் இருப்பவனாக எனக்குச் சுருக்குவதோடு சண்டை கிடையாது. நாம் வாட்ஸப்பில் அனுப்பும் ஒவ்வொரு படமும் சுருங்கித்தான் போகிறது. அந்தத் தொழில்நுட்பத்துக்கு ஓர் அடிப்படை உண்டு: பார்ப்பவர் கண்ணுக்கு எது தெரியாதோ, அதைத் தூக்கி எறி. ஆகவே யார் பார்க்கப்போகிறார் என்ற ஊகம் முதலில் வேண்டும். டெம்பெஸ்ட்டைச் சுருக்கியபோது எறியப்பட்டது எது, அது யார் கண்ணுக்குத் தெரியாது என்று ஊகிக்கப்பட்டது, இன்று அதைப் படிப்பவர் யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

இரண்டு பேர் மட்டும்

மேரி லாம் எழுதிய கதையின் முதல் வாக்கியத்தைக் கவனியுங்கள். கடலில் ஒரு தீவு இருந்ததாகவும், அங்கே குடியிருந்தவர்கள் பிராஸ்பெரோ என்ற முதியவரும் அவர் மகள் மிராண்டாவும் மட்டும்தான் என்றும் அது சொல்கிறது. அடுத்த பக்கத்துக்குள்ளேயே காலிபன் வந்துவிடுவான். காட்டில் பிராஸ்பெரோ கண்டெடுத்த விசித்திரமான உருவம், குரங்கைவிடவும் மனிதத்தன்மை குறைந்தவன், பேசக் கற்றுக்கொடுத்தும் நல்லது எதையும் கற்கத் தெரியாதவன், விறகு சுமக்க வைக்கப்பட்டவன். சில வரிகளில் இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தக் கதை அவனை மறந்துவிடுகிறது. அவனுக்கு ஒரு வரி வசனம்கூட இல்லை.

கணக்கு உதைக்கிறது, இல்லையா? பிராஸ்பெரோ வருவதற்கு முன்பிருந்தே அந்தத் தீவில் இருப்பவன் காலிபன். குடியிருப்பவர்களின் எண்ணிக்கையில் அவன் சேரவில்லை.

ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் நிலைமை வேறு. அங்கே காலிபன் வாயைத் திறந்தபடியே வருகிறான். முதல் அங்கம் இரண்டாம் காட்சியில் அவன் சொல்வதன் சாரம் இது: இந்தத் தீவு என் தாய் சிகொராக்ஸ் வழியாக எனக்கு வந்தது, நீ பிடுங்கிக்கொண்டாய். வந்த புதிதில் என்னைத் தடவிக் கொடுத்தாய், பகலிலும் இரவிலும் எரிகிற பெரிய விளக்குக்கும் சின்ன விளக்குக்கும் பெயர் சொல்லிக் கொடுத்தாய். நானும் பாசத்தில் நல்ல தண்ணீர் ஊற்று எங்கே, உப்புக் குழி எங்கே, விளையும் நிலம் எங்கே என்று எல்லாவற்றையும் உனக்குக் காட்டினேன். காட்டிய பிறகு என்னை ஒரு பாறைப் பொந்தில் அடைத்துவிட்டாய்.

அதற்கு அடுத்து வருவதுதான் உலகம் முழுக்கப் பேசப்பட்ட இடம். உனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தேனே, நன்றி வேண்டாமா என்று அவனைத் திட்டுகிறார்கள். மொழி கற்றதால் எனக்குக் கிடைத்த லாபம் சபிக்கத் தெரிந்தது ஒன்றுதான் என்கிறான் அவன்.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. 1623இல் அச்சான முதல் தொகுப்பில், காலிபனுக்கு மொழி கற்றுக்கொடுத்ததைச் சொல்லிக் காட்டும் அந்தப் பேச்சு மிராண்டாவுடையது. பதினைந்து வயதுப் பெண் இப்படிக் கோபமாகப் பேசுவாளா என்று பின்னால் வந்தவர்களுக்குச் சங்கடமாகிவிட்டது. டிரைடனும் டேவனன்ட்டும் 1667இல் நாடகத்தைத் திருத்தி மேடையேற்றியபோதே அந்தப் பேச்சு பிராஸ்பெரோ கைக்குப் போனது. 1733இல் தன் பதிப்பை வெளியிட்ட திபால்டும் அப்படியே செய்தார். மேரி லாம் கதையிலும் ஆசிரியர் பிராஸ்பெரோதான். சுருக்கத்தில் மாணவன் மட்டும் தொலையவில்லை. ஆசிரியையாக இருந்த பெண்ணும் சேர்ந்தே தொலைந்துபோனாள். பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகளின் வயதுதான் மிராண்டாவுக்கு. பிடித்த பையனைத் தேர்ந்தெடுப்பதைத் தவிரவும் அவளுக்கு அந்த நாடகத்தில் வேலை இருந்தது.

காலிபனை அப்பாவி நாயகனாக்குவது என் நோக்கம் இல்லை. மிராண்டாவைப் பலவந்தப்படுத்த முயன்றவன் என்பது அவன் மேல் உள்ள குற்றச்சாட்டு. அவன் அதை மறுக்கவும் இல்லை. நாடகம் இரண்டையும் ஒன்றாக நம் முன் வைக்கிறது: நிலம் பறிக்கப்பட்டவன் அவன், ஒரு பெண்ணுக்கு ஆபத்தானவனும் அவன்தான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை அழித்துவிட முடியாது. வகுப்பறையில் பேசக் கஷ்டமான விஷயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைகள் பேசாத விஷயமா இது?

மேரி லாமைக் குறை சொல்வதும் என் வேலை இல்லை. அந்தப் புத்தகத்தின் இருபது கதைகளில் பதினான்கை எழுதியவர் அவர். முதல் பதிப்பில் தம்பி பெயர் மட்டும்தான் இருந்தது. பையன்களுக்கு அப்பாவின் புத்தக அலமாரி சீக்கிரமே திறந்துவிடும், பெண் பிள்ளைகளுக்குத் திறக்காது, ஆகவே முக்கியமாக அவர்களுக்காக எழுதுகிறோம் என்று முன்னுரை சொல்கிறது. வளர்ந்த பிறகு மூல நாடகங்களுக்குப் போங்கள் என்றும் சொல்கிறது. அவர் கட்டியது படிக்கட்டு. நாம் படிக்கட்டிலேயே பாயை விரித்துப் படுத்துவிட்டோம்.

பேதியில போவான்

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகள் இந்தப் பாடத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். ஃபோனில் மூல நாடகத்தின் அந்தக் காட்சியைத் திறந்து இரண்டு பேரும் படித்தோம். பாதி புரியவில்லை, அவளுக்கும் சரி, எனக்கும் சரி. பக்கத்தில் இருந்த குறிப்புகளைப் பார்த்துத் தட்டுத்தடுமாறிப் போய்க்கொண்டிருந்தோம். சபிக்கிற இடம் வந்ததும் வேகம் கூடியது. கொள்ளைநோய் வந்து உங்களைக் கொண்டுபோகட்டும் என்கிற மாதிரி காலிபன் சபிக்கிறான். "மாமா, இது நம்ம ஆச்சி சொல்றதுல்லா? பேதியில போவான்னு?" என்றாள்.

எனக்கு அது ஒரு நல்ல உரையாசிரியரின் குறிப்பாகத் தெரிந்தது. காலரா ஊர் ஊராக ஆட்களை அள்ளிக்கொண்டு போன காலத்திலிருந்து தெற்கத்திப் பேச்சில் தங்கிப்போன வசவுகள் "பேதியில போவான்", "கழிச்சல்ல போவான்" எல்லாம். பிளேக் வந்து நாடகக் கொட்டகைகளை அடிக்கடி மூட வேண்டியிருந்த லண்டனில் எழுதியவர் ஷேக்ஸ்பியர். நோய் வேறு, ஊர் வேறு, ஆனால் இரண்டு சாபமும் பிறந்த பயம் ஒரே மாதிரியானது. இதைப் புரிந்துகொள்ளப் பிள்ளைக்கு எந்தக் கைடும் தேவைப்படவில்லை. ஆச்சி போதுமாக இருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டது இன்னும் முக்கியமானது. "அப்போ அந்தத் தீவு யாருது மாமா?"

சேத்தூர் மாதிரி ஊரில் இந்தக் கேள்வி வெளிநாட்டுச் சரக்கு இல்லை. ஜமீன் இருந்த ஊர் இது. 1948இல் வந்த எஸ்டேட் ஒழிப்புச் சட்டம்வரை யார் நிலத்தை யார் உழுகிறார்கள் என்பது இங்கே அன்றாடக் கேள்வி. மேற்கே பார்த்தால் மலை. அந்தத் தொடரின் காடுகள் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆயின. அந்த மலைகளில் தலைமுறைகளாக வாழ்பவர்கள் பளியர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் செண்பகத்தோப்பில் அவர்கள் குடியிருப்பு இருக்கிறது. எந்த ஊற்றில் எந்த மாதம் தண்ணீர் வரும், தேன் எங்கே கிடைக்கும் என்று காட்டை அறிந்தவர்கள். பளியரைக் காலிபனோடு ஒப்பிடுவது மரியாதை இல்லை, நான் அதைச் செய்யவில்லை. காட்டை அறிந்தவனுக்கும் காட்டின் மேல் அதிகாரம் உள்ளவனுக்கும் இடையிலான வழக்கு நம் ஜன்னலுக்கு வெளியே நடந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். அந்த வழக்கைப் பேசும் நாடகம் ஒன்று பாடநூலுக்குள் வந்தபோது, வழக்குத் தொடுத்தவனின் வாக்குமூலம் இல்லாமல் வந்தது.

உலகத்தில் மற்றவர்கள் இதை விடவில்லை. பார்படோஸில் பிறந்த ஜார்ஜ் லாமிங் 1960இல் வந்த தன் கட்டுரை நூலில் காலிபனின் பக்கம் நின்று இந்த நாடகத்தைப் படித்தார். மார்த்தினிக்கின் எமே செசேர் 1969இல் இதையே தன் வழியில் புதிய நாடகமாக எழுதினார். கூபாவின் ரெத்தமார் 1971இல் 'காலிபன்' என்ற பெயரிலேயே புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். காலனி நாடுகளில் ஆங்கிலமோ பிரெஞ்சோ ஸ்பானியமோ கற்றவர்களுக்கு இந்த நாடகத்தில் தங்கள் முகம் தெரிந்தது காலிபனில்தான். நம் பிள்ளைகளுக்கு பெர்டினான்டின் முகத்தைக் காட்டினால் போதும் என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள்.

பெர்டினான்ட் விஷயத்திலும் ஒன்று உண்டு. இளவரசனான அவனைப் பிராஸ்பெரோ விறகு சுமக்க வைக்கிறான், மிராண்டாவின் மேல் உள்ள காதலைச் சோதிப்பதற்காக. மேரி லாம் கதையிலும் இது இருக்கிறது, பிள்ளைகளுக்கும் நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் நாடகத்தில் இதற்கு முந்தைய காட்சியில் காலிபன் விறகுச் சுமையோடு நுழைகிறான். அவன் போனதும் இவன் கட்டையோடு வருகிறான். அதே வேலை. ஒருவனுக்கு அது சில மணி நேரச் சோதனை, முடிவில் கல்யாணம். இன்னொருவனுக்கு அதுவே பிழைப்பு, முடிவு தெரியாது. அடுத்தடுத்து வைத்தால்தான் இது கண்ணில் படும். ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு காதல் கதை.

தமிழ்வழியில் படித்து ஆங்கிலத்தில் வேலை பார்க்கிற என்னைப் போன்ற பலருக்குக் காலிபனின் அந்த லாபக் கணக்கு நன்றாகவே புரியும். கல்லூரியில் 'செல்ஃப் இன்ட்ரொடக்ஷன்' என்று நாலு வாக்கியம் மனப்பாடம் செய்கிறோம். நேர்முகத் தேர்வில் ஒப்பிக்கிறோம். வேலைக்குச் சேர்ந்த பிறகும் மீட்டிங்கில் வாய் திறக்க இரண்டு வருஷம் ஆகிறது. முதன்முதலாக ஆங்கிலம் இலக்கணம் பார்க்காமல் சரளமாக வந்து விழுவது எப்போது தெரியுமா? ராத்திரி பதினொரு மணிக்குப் புரொடக்ஷனில் ஏதாவது உடைந்து, யாரோ நம் டீம் மேல் பழி போடும்போது. கோபத்தில்தான் அந்த மொழி நம்முடையதாகிறது. இதை நானூறு வருஷம் முன்பே ஒருவர் மேடையில் சொல்ல வைத்திருக்கிறார் என்று பத்தாம் வகுப்பில் தெரிந்திருந்தால், ஆங்கிலத்தின் மேல் உள்ள பயம் எங்களுக்குக் கொஞ்சம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

காலிபனுக்குச் சபிக்க மட்டும்தான் தெரியும் என்பதும் உண்மை இல்லை. மூன்றாம் அங்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இசை கேட்டு ஸ்டெஃபானோவும் டிரிங்குலோவும் நடுங்கும்போது அவன்தான் தைரியம் சொல்கிறான். இந்தத் தீவு ஒலிகளால் நிறைந்தது, அவை நம்மை ஒன்றும் செய்யாது, தூக்கத்தில் அவை தரும் கனவு கலைந்தால் மறுபடியும் கனவு வராதா என்று அழுதிருக்கிறேன் என்கிறான். நாடகத்திலேயே மிக அழகான பேச்சுகளில் ஒன்று. அந்த இரண்டு குடிகாரர்களையும் மேரி லாம் மொத்தமாக நீக்கியதால் இந்தப் பேச்சும் போய்விட்டது. அழகாகப் பேசவும் அவனுக்கு அந்த மொழி வாய்த்திருந்தது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிய வழி இல்லை.

மேடையைப் பற்றிய கவிதை, மேடை இல்லாமல்

பத்தாம் வகுப்பில் நாடகம் கதையானது. பன்னிரண்டாம் வகுப்பில் நாடகம் கவிதையாகிறது. 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் ஜாக்விஸ் என்ற பாத்திரம் உலகமே ஒரு நாடக மேடை என்று பேசும் புகழ்பெற்ற பகுதி, அங்கே செய்யுள் பாடமாக இருக்கிறது. மனித வாழ்க்கைக்கு ஏழு பருவம். அழும் குழந்தை, பள்ளிக்குப் போக மனசில்லாமல் ஊர்ந்துபோகும் பையன், காதலன், படைவீரன், நீதிபதி, தளர்ந்த கிழவன், கடைசியில் பல்லும் பார்வையும் சுவையும் எல்லாமும் போன இரண்டாம் குழந்தைப் பருவம். வகுப்பில் ஏழு பருவங்களை அட்டவணை போடுவார்கள். எது உவமை, எது உருவகம் என்று கோடு போடுவார்கள்.

இந்தப் பேச்சு முடிந்த அடுத்த நொடியில் மேடையில் என்ன நடக்கிறது என்பது பாடத்தில் இல்லை. ஆர்லாண்டோ என்ற இளைஞன் உள்ளே வருகிறான், ஆடம் என்ற கிழவரோடு. ஆடத்துக்கு எண்பதை நெருங்கும் வயது. அந்தக் குடும்பத்தின் பழைய வேலைக்காரர். ஆர்லாண்டோவின் உயிருக்கு ஆபத்து வந்தபோது, வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஐந்நூறு பொற்காசுகளையும் அவன் கையில் கொடுத்துவிட்டுக் கூடவே கிளம்பி வந்தவர். காட்டில் பசியால் சாகக் கிடந்தவரை அவன் தாங்கிக்கொண்டு வருகிறான். முதுமை என்றால் ஒன்றுமே மிஞ்சாத நிலை என்று ஜாக்விஸ் சொல்லி வாய் மூடவில்லை, அதைப் பொய்யாக்குகிற ஒரு முதியவர் மேடைக்கு வந்துவிடுகிறார். நகைப்போடு உலகத்தைப் பார்க்கும் ஜாக்விஸுக்கு நாடகம் தரும் பதில் அது. ஒரு வசனம்கூட இல்லாத பதில்.

செய்யுளாக வெட்டி எடுத்தால், ஜாக்விஸ் சொன்னதே ஷேக்ஸ்பியரின் கருத்தாகிவிடுகிறது. "வாழ்க்கையைப் பற்றி ஷேக்ஸ்பியர் என்ன சொல்கிறார்?" என்று கேள்வியும் கேட்டுவிடலாம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவனைச் சொல்ல வைத்தார், இன்னொருவரை உள்ளே வர வைத்தார். நாடகம் என்ற வடிவத்தின் சாமர்த்தியமே இதுதான். ஒரு கருத்தைக் கேட்டதும் அது ஆசிரியரின் கருத்து என்று நம்பாமல், "யார் சொல்றா? யார்ட்ட சொல்றா? அடுத்து யார் வர்றா?" என்று கேட்கப் பழக்குகிறது. வாட்ஸப் ஃபார்வர்டு யுகத்தில் பதினேழு வயதுப் பிள்ளைக்கு இதைவிட உபயோகமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

சீசர் என்று ஒரு தோட்டக்காரர்

பாடநூலில் நாடகமே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. பன்னிரண்டாம் வகுப்புத் துணைப்பாடத்தில் பெர்சிவல் வைல்டு எழுதிய ஓரங்க நாடகமும், கார்டன் டேவியட் எழுதிய 'ரிமெம்பர் சீசர்' நாடகமும் இருக்கின்றன. கார்டன் டேவியட் என்பது எலிசபெத் மெக்கின்டாஷ் என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணியின் புனைபெயர். ஜோசஃபின் டே என்ற இன்னொரு பெயரில் துப்பறியும் நாவல்களும் எழுதியவர்.

'ரிமெம்பர் சீசர்' அருமையான கேலி நாடகம். வெஸ்டன் பிரபு ஒரு நீதிபதி. அவர் பாக்கெட்டில் சீசரை நினைவில் வை என்று எழுதிய காகிதத் துண்டு கிடைக்கிறது. அன்று மார்ச் 15, ஜூலியஸ் சீசர் குத்திக் கொல்லப்பட்ட நாள். தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று வீட்டையே கோட்டையாக்கி அமர்க்களம் பண்ணுகிறார். கடைசியில் பார்த்தால், சீசர் என்ற தோட்டக்காரர் வரப்போவதை மறக்காமல் இருக்க அவரே எழுதி வைத்த குறிப்பு அது. தன் கையெழுத்தைத் தானே அடையாளம் காணாத அளவுக்குப் பயம். நிறையப் படித்தவருக்குச் சீசர் என்றால் ரோமாபுரிதான் ஞாபகம் வருகிறது, ரோஜாச் செடி ஞாபகம் வரவில்லை.

கிளாசிக்குகளைப் பற்றிய நம் மொத்தப் பிரச்சினைக்கும் இது நல்ல உவமை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இந்த நாடகத்தின் சிரிப்பு முழுக்க, முடிவு தெரியாமல் இருப்பதில் இருக்கிறது. நம் பிள்ளைகளோ முதலில் கைடில் உள்ள சுருக்கத்தைப் படித்துவிட்டுத்தான் பாடத்துக்கே வருகிறார்கள். சுருக்கத்தின் முதல் பத்தியிலேயே தோட்டக்காரர் வந்து நிற்பார். துணுக்கின் கடைசி வரியை முதலில் சொல்லிவிட்டு, "இதில் நகைச்சுவை எவ்வாறு அமைந்துள்ளது?" என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்பது போல.

இன்னொரு வினோதமும் உண்டு. நம் பிள்ளைகளின் பெரிய குறை என்று எல்லாரும் சொல்வது, ஆங்கிலம் எழுதுகிறார்கள், பேச வரவில்லை என்பது. நாடகம் என்பது முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சை எடுத்துவிட்டு, 1807இன் நீளமான உரைநடை வாக்கியங்களில் கதையாகக் கொடுக்கிறோம். பிறகு பேச்சுப் பயிற்சிக்கென்று தனியாக, கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் நடக்கிற உயிரில்லாத உரையாடல் ஒன்றைக் கோடிட்ட இடத்தோடு கொடுக்கிறோம். எளிமை என்ற காரணமும் இங்கே நிற்காது. மேரி லாமின் ஒரு வாக்கியத்துக்குள் மூன்று நான்கு துணை வாக்கியங்கள் இருக்கும். காலிபனின் வசவு அதைவிடச் சின்னது, நாக்கில் சீக்கிரம் ஏறக்கூடியது.

நம் பக்கத்து மேடைகள்

தமிழுக்கு இது புதிய சங்கதியும் இல்லை. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், ஹாம்லெட்டை அமலாதித்யனாகவும் மக்பெத்தை மகபதியாகவும் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். அவருக்கு ஷேக்ஸ்பியர் பாடம் இல்லை, போட்டுப் பார்க்க வேண்டிய வேஷம்.

அதே 1891இல் பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' வந்தது. லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கதையைத் தழுவிய செய்யுள் நாடகம். ஜீவகன் என்ற பாண்டிய அரசன், அவன் மகள் மனோன்மணி, குடிலன் என்ற சூழ்ச்சிக்கார அமைச்சன், சுந்தர முனிவர் அமைக்கும் ரகசியச் சுரங்க வழி. நம் பள்ளிகளில் தினமும் காலையில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து இந்த நாடகத்தின் பாயிரத்தில் உள்ளது, சில வரிகள் நீக்கப்பட்டு. 2021இல் மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது. ஒரு நாடகத்தின் வாசலில் தினமும் எழுந்து நின்று பாடுகிறோம். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஷேக்ஸ்பியருக்கு நேர்ந்தது நம் சுந்தரம் பிள்ளைக்கும் நேர்ந்திருக்கிறது. ஆங்கில வகுப்பு மேல் மட்டும் பழி போட முடியாது.

மேடை இல்லாத ஊர்களும் இல்லை இவை. தென் மாவட்டக் கோயில் கொடைகளில், பொங்கல் விழாக்களில் ஸ்பெஷல் நாடகம் போடுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' விடிய விடிய நடக்கும். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. நாடகம் எல்லாருக்கும் தெரியும் என்பதே ஒத்திகை. கதை தெரிந்த கூட்டம் கதைக்காக உட்கார்ந்திருப்பதில்லை. தர்க்கத்தில் இன்றைக்கு வள்ளி என்ன சொல்லி மடக்குகிறாள் என்று கேட்கத்தான் அத்தனை பேர் தூக்கம் முழிக்கிறார்கள். கதை தெரிந்தால் நாடகம் தெரிந்தது என்ற எண்ணம் அந்தப் பந்தலில் யாருக்கும் கிடையாது.

இன்னும் பொருத்தமான உதாரணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. மார்கழியில் ஆண்டாள் கோயிலில் அரையர் சேவை நடக்கும். அரையர் ஒரு பாசுரத்தை முதலில் இசையோடு பாடுவார். பிறகு அதையே அபிநயம் பிடிப்பார். பிறகு வியாக்கியானம் சொல்வார். முத்துக்குறியில் ஒருவரே மகளாகவும் தாயாகவும் குறி சொல்லும் கட்டுவிச்சியாகவும் மாறி மாறி நிற்பார். பல நூற்றாண்டுப் பழைய, கடினமான ஒரு பிரதியை ஒரு கூட்டத்துக்கு எப்படிக் கொடுப்பது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பாடமுறை உண்டா? காதில் விழட்டும், கண்ணில் படட்டும், அப்புறம் பொருள் சொல். நம் வகுப்பறை மூன்றாவதில் தொடங்கி மூன்றாவதிலேயே முடிந்துவிடுகிறது.

நடக்கிற காரியமா?

ஆசிரியர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள் என்று தெரியும். ஐம்பது பிள்ளைகள், ஏழு அலகு, காலாண்டு, அரையாண்டு, மூன்று திருப்புதல் தேர்வு, நடுவில் ஆன்லைன் பதிவேடு வேலைகள். ஆங்கில எழுத்தையே எழுத்துக்கூட்டும் பிள்ளைகளைத் தேர்ச்சி அடைய வைக்க வேண்டிய நெருக்கடி. "இதுல ஷேக்ஸ்பியர் மூலத்தை எங்க சார் நடத்த?" என்பார்கள். நியாயம். முழு நாடகத்தையும் பாடமாக வைத்தால் அதற்கும் ஒரு கைடு வரும், அதற்கும் ஐந்து வாக்கியம் வரும். பிரிட்டனிலேயே பள்ளியில் ஷேக்ஸ்பியரை வெறுத்து வெளியே வந்தவர்கள் ஏராளம். மூலம் என்ற ஒன்றுக்கு மட்டும் மந்திர சக்தி கிடையாது.

ஆகவே என் வாதம் சின்னது. லாம் கதை இருக்கட்டும். அதன் கடைசியில் இரண்டு பக்கம், காலிபன் முதலில் வரும் காட்சியிலிருந்து நாற்பது வரிகள், பக்கத்திலேயே அருஞ்சொற்பொருள். தேர்வுக்கு இல்லை என்று மேலே அச்சிட்டுவிடலாம். மூன்று பேர் எழுந்து நின்று படிக்கட்டும்: ஒருவர் அப்பா, ஒருவர் மகள், ஒருவர் தீவுக்காரர். அடுத்து அதையே தங்கள் ஊர்த் தமிழில் சண்டை போடட்டும். இருபது நிமிஷம் போதும். சேத்தூரில் ஒரு விதமாக வரும், கூடலூரில் வேறு விதமாக வரும். தீவு யாருடையது என்ற சண்டை மட்டும் எல்லா ஊரிலும் வரும். அதற்குச் சரியான விடை எந்தக் கைடிலும் இருக்காது. மொத்த வருஷத்தில் விடை இல்லாத ஒரு கேள்வியாவது பிள்ளைகள் காதில் விழட்டும்.

இதை அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பதினெட்டு, இருபது வயதில் இதைப் படிக்கும் உங்களில் பலருக்குப் பத்தாம் வகுப்பு டெம்பெஸ்ட் மங்கலாக நினைவிருக்கும். ஃபோல்ஜர் நூலகத்தின் தளத்தில் ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் முழுவதும் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் அங்கம், இரண்டாம் காட்சி. பிராஸ்பெரோ காலிபனைக் கூப்பிடும் இடத்துக்குப் போங்கள். மேடைக்கு வருவதற்கு முன்பே உள்ளேயிருந்து அவன் பதில் சொல்வான், வேண்டிய அளவு விறகு உள்ளே இருக்கிறது என்று. அங்கிருந்து தொடங்கி வாய்விட்டுப் படியுங்கள். வீட்டில் யாராவது "யாரைடா திட்டுற?" என்று கேட்டால், சரியாகத்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.